வயலினுக்கு ஈறு வைத்தவர்

என் வீட்டுக்காரரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு லிஃப்ட் வாசலில். கதவு திறந்தது. உள்ளே நான்கு பேருக்கு இடம் இருந்தது. வெளியே நின்றது மூன்றே பேர். எல்லோரும் ஏறிக்கொள்ளட்டும் என்று அவர் ஒதுங்கி நின்றார். நாங்கள் ஏறினோம். அவர் ஒதுங்கியபடியே நிற்க, கதவு மூடிக்கொண்டது. மூன்றாம் மாடியில் என் தம்பியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நான் இறங்கி வந்தபோதும் மனிதர் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நடுவில் இரண்டு தடவை லிஃப்ட் வந்து போனதாம். இரண்டு தடவையும் வேறு யாரோ வந்துவிட்டார்களாம். எனக்கு வந்த எரிச்சலில் அவரை உள்ளே ஏற்றி, நானும் ஏறி, அவர் போகவேண்டிய மாடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷமாக அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகவிட்டு, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்செட்டையும் கீழ்செட்டையும் கடிக்கவிட்டுச் சரிபார்ப்பார். எதிலும் அவசரம் கூடாது. பிளாஸ்டர் இறுகக் காத்திருக்க வேண்டும், மெழுகு ஆறக் காத்திருக்க வேண்டும். ஆகவே காத்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே மனிதர் இவர்தான் என்று நான் சொல்வதுண்டு. அவர் வேலை செய்யும் கூடத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர்.

பேச்சிலும் அப்படித்தான். நாம் பேசி முடித்தபிறகு, இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதோ என்று மூன்று விநாடி விட்டுத்தான் வாயைத் திறப்பார். போனில் அவரோடு பேசுகிறவர்கள் "ஹலோ? ஹலோ? கேக்குதா?" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாகத் திரிகிறவள். எனக்கு இப்படி ஒருவர் வாய்த்ததை நினைத்து எங்கள் வீட்டில் சிரிக்காதவர்கள் கிடையாது.

ஆனால் அவர் வயலின் வாசிப்பார். வாயால் சொல்லாததையெல்லாம் அதில் சொல்லிவிடுவார். அதைக் கேட்டுத்தான் நான் கவிழ்ந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

என் தம்பி நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. சின்ன வயதில் சாப்பாட்டு மேஜை, தகர டப்பா, என் முதுகு என்று எதையும் விட்டுவைக்காமல் தட்டுவான். என் கல்யாணத்துக்கு அப்புறம், அவன் கை சும்மா இருக்கட்டும் என்று இவர் ஒரு ஜோடி பாங்கோ டிரம் வாங்கிக் கொடுத்தார். கை சும்மா இருக்கவில்லை. ஆனால் என் முதுகு தப்பித்தது. அன்றிலிருந்து இருபது வருஷம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி என்றால் எங்கள் வீட்டு ஹாலில் மாமாவும் மச்சானும் கச்சேரிதான். அவர்களே கட்டிய மெட்டு ஒன்று உண்டு. அதைக் கட்டுகிற மும்முரத்தில் தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலி உடைந்துபோனதால் அதற்கு 'உடைஞ்ச நாற்காலி' என்று பெயர். மூன்று பகுதி. மொத்தம் மூன்று நிமிஷம் ஐம்பது விநாடி. நான் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்ததால் சொல்கிறேன்.

போன வருஷம் தம்பியின் கம்பெனி அவனை ரயிலில் ஒரு முழுநாள் போகவேண்டிய ஊருக்கு மாற்றிவிட்டது. அங்கே முப்பது மாடிக் கட்டடங்கள் வரிசையாக எழும்புகின்றனவாம், லிஃப்டுக்கு ஆள் வேண்டுமாம். அவன் போன முதல் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இவர் வயலினை எடுத்தார். சுருதி கூட்டினார். வில்லுக்குப் பிசின் தேய்த்தார். எதிரே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் வில்லைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "கடைக்கு ஏதாச்சும் போகணுமா?" என்று என்னிடம் கேட்டார். என் பங்குக்கும் துக்கம் இருந்தது. தம்பி எனக்காகப் போன் செய்கிற ரகமில்லை. அவன் வந்ததெல்லாம் இந்த டிரம்முக்காகத்தான். அந்தச் சாக்கில்தான் நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

வீடியோ காலில் வாசித்துப் பார்த்தார்கள். தம்பி அடித்த அடி தபாலில் வருவதுபோல் வந்து சேர்ந்தது. அரை மணி நேரத்தில் இருவரும் கைவிட்டார்கள்.

அப்புறம் தம்பியே ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்துச் சொன்னான். இன்டர்நெட்டில் சேர்ந்து வாசிப்பதற்கென்றே செய்தது. அவரவர் ஊரிலிருந்து வாசிக்கிற சத்தம் நடுவில் இருக்கும் ஒரு கணினிக்குப் போகும். அங்கே ஒன்றாகக் கலந்து எல்லோர் காதுக்கும் திரும்பி வரும். முகம் தெரியாது, சத்தம் மட்டும்தான். அதனால்தான் வேகமாக வருகிறது. காசு கிடையாது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் வேலைநேரம் போகக் கிடைக்கிற நேரத்தில் எழுதி, எழுதிய விதத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து போட்டிருக்கிறார்கள்.

"சும்மாவா குடுக்கறாங்க? எதுக்கு?" என்றேன் நான்.

மூன்று விநாடி கழித்து அவர் சொன்னார்: "அவங்களுக்கும் வாசிக்க ஆள் வேணும்ல."

காற்றில் வருகிற இணைப்பு இதற்கு ஆகாதாம், ஒயர்தான் வேண்டுமாம். ஹாலுக்குக் குறுக்கே ஒரு நீல ஒயரை இழுத்தார். முதல் வாரத்திலேயே நான் அதில் இரண்டு தடவை தடுக்கி விழுந்தேன். மாணவிகளுக்குத் தடை ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறவள், சொந்த வீட்டு ஹாலில் குப்புற விழுந்த கதையை வெளியே சொல்ல முடியுமா?

பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். நானும் இன்னொரு ஹெட்ஃபோனில் கேட்டேன். தம்பியின் டிரம் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் சுத்தமாக விழுந்தது. இவர் கண் கலங்கிவிட்டார். ஆனால் 'உடைஞ்ச நாற்காலி' முடிந்தபோது ஸ்டாப்வாட்ச் ஐந்து நிமிஷம் பத்து விநாடி காட்டியது. ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார்கள். போகப் போக, மூட்டு வலிக்காரர் மாடிப்படி ஏறுகிற கணக்காக ஆகிவிட்டது.

அடுத்த வாரமும் அதே கதி. அதற்கடுத்த வாரமும்.

"மாமா, நீங்க இழுக்கறீங்க," என்றான் தம்பி.

மூன்று விநாடி. "ஆமா மாப்ள. நான்தான் போல."

நான்காவது வாரம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நடுவில் ஒரு புல்லாங்குழல் கேட்டது. இவர் வில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், நான்தான் எங்கிருந்தோ ஊதுகிறேன் என்பதுபோல. விஷயம் என்னவென்றால், இவர்கள் நுழைந்திருந்த இணைய அறை பொதுவானது. பூட்டத் தெரியாமல் திறந்து போட்டிருந்தார்கள். வந்த பெண்மணி ஏதோ ஒரு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். அந்த மென்பொருளுக்கு உதவிக் குறிப்புகள் எழுதுகிறவர்களில் அவரும் ஒருவர்.

"மன்னிச்சுக்கங்க, மெட்டு நல்லா இருந்துச்சு, நுழைஞ்சுட்டேன்," என்றார் நர்ஸ். "ஆனா நீங்க ரெண்டு பேரும் உங்க வாத்தியத்தோட சத்தத்த நேராவே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. அது கூடாது. போயிட்டுத் திரும்பி வர்ற சத்தத்த மட்டும் கேக்கணும். நேரா கேட்டா, அடுத்தவர் லேட்டா வர்ற மாதிரி தோணும். உடனே அவருக்காக நீங்க காத்திருப்பீங்க. அவர் உங்களுக்காகக் காத்திருப்பார். அப்புறம் பாட்டு எங்க முடியும்?"

போய்வர எடுக்கும் நேரம் ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நூறு மீட்டர் ஓட்டத்தில் அந்த இடைவெளியில் மெடல் கைமாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. அந்த ஊரில் அவனோடு வேலை செய்கிறவர்கள் ஒரு வாத்தியக் குழு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஞாயிறு நாலு மணிதான். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களாம்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இது வாசிக்கற மாதிரியே இல்ல, நடுரோட்ல ரிப்பேரான பஸ்ஸ தள்ளற மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் பாக்கறேன். சரிவரலன்னா நான் அவங்களோட சேந்துக்கறேன்."

மூன்று விநாடி கழித்து, "சரி மாப்ள," என்றார் இவர். அன்று இரவு சாப்பாட்டில் உப்பில்லை என்று கூடச் சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே போடாமல் பார்த்தேன்.

மறுநாள் காலையில் காதுகளை விரலால் அடைத்துக்கொண்டு, என்னை வயலினில் வில்லை இழுக்கச் சொன்னார். நான் இழுத்தது கதவு கீச்சிடுவதுபோல் இருந்தது. மோவாயை வயலின்மேல் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். முகம் மலர்ந்தது.

"தாடை எலும்பு வழியா வருது," என்றார். "புதுசா பல் செட் போட்டவங்க எல்லாரும் சொல்லுவாங்க, அப்பளம் கடிச்சா மண்டைக்குள்ள இடி இடிக்குதுன்னு. அதே விஷயம். ஹெட்ஃபோன் எவ்வளவு பெருசா போட்டா என்ன? வயலின் என் தாடையிலதானே உக்காந்திருக்கு."

வலி தெரியாமல் இருக்க, பல் செட்டுக்கு அடியில் மெத்தென்று ஒரு பூச்சு கொடுப்பார்கள். இவர் தன் மோவாய்க்கே அச்செடுத்து, அதில் அந்தச் சரக்கை மூன்று அடுக்காக ஊற்றி, இறுகவிட்டு, ஓரத்தைச் சீவி, வயலினில் மோவாய் வைக்கும் இடத்தில் பொருத்திவிட்டார். வேலை சுத்தம். நிறம்தான் கொஞ்சம் உறுத்தல். அசல் ஈறு மாதிரி ரோஸ்.

நான் அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவன் முதல் வார்த்தையே, "மாமா, வயலினுக்கு ஈறு வந்துடுச்சு, பல்லு எப்போ முளைக்கும்?" என்பதுதான். அந்த வாரமும் வந்து சேர்ந்திருந்த நர்ஸ் சிரித்த சிரிப்பில் ஹெட்ஃபோன் அதிர்ந்தது.

வாசித்தார்கள். முதல் பகுதி, இரண்டாம் பகுதி இரண்டும் கம்பி போட்டமாதிரி நேராகப் போயின. மூன்றாம் பகுதியில் மறுபடி தொய்வு. நாலு நிமிஷம் இருபது விநாடி. ஐம்பது விநாடி லாபம்தான், ஆனாலும் வண்டி கடைசியில் மூச்சு வாங்கத்தான் செய்தது.

"பரவால்ல மாமா, நல்ல முயற்சி," என்றான் தம்பி. தோற்ற அணிக்கு நான் சொல்வதுபோலவே சொன்னான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு இழுக்கறாங்கன்னு சும்மா வாயால சொன்னா எப்படி? சாட்சி இல்லையா?" என்று மைக்கில் கத்தினேன்.

"இருக்கு மேடம்," என்றார் நர்ஸ். "நடுவுல இருக்கற கம்ப்யூட்டர் ஒவ்வொருத்தர் சத்தத்தையும் தனித்தனியா பதிஞ்சு வெச்சிருக்கும். அனுப்பட்டுமா?"

புதன்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையில், கூடைப்பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டேன். முதலில் என் வீட்டுக்காரரை. மூன்றாம் பகுதிவரை ஆணி அடித்தாற்போல் போனார். அப்புறம் தம்பியை. டிரம் மட்டும் தனியாக. ஸ்டாப்வாட்சில் ஒவ்வொரு வரிக்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்தேன். மூன்றாம் பகுதியில் ஆறு இடத்தில் டிரம் தயங்கியது. ஓடிவந்தவன் யாரையோ திரும்பிப் பார்ப்பதுபோல் ஒரு தயக்கம். அதற்கு அப்புறம்தான் வயலினும் தொய்ந்தது. இழுத்தது இவர் இல்லை. அவன்!

துள்ளிக் குதிக்காத குறை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று மறுபடி போட்டுக் கேட்டேன். அப்போதுதான் அந்த ஆறு இடங்கள் எவை என்று உறைத்தது. மூன்றாம் பகுதியில் வயலின் உச்சிக்கு ஏறும். ஒவ்வொரு தடவை ஏறுவதற்கு முன்னும் இவர் வலது தோளைத் தூக்கி ஒரு மூச்சு இழுப்பார். இருபது வருஷமாகச் சமையலறை வாசலில் நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்த தம்பியும் பார்த்திருக்கிறான். அந்தத் தோள் இறங்கியபிறகுதான் அவன் கை டிரம்மில் விழும். ஒரே அறையில் இருக்கும்போது அதற்கு நேரம் பிடிக்காது, யாருக்கும் தெரியாது. இப்போது தோள் தெரியவில்லை. மாமா மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று இருட்டில் குத்துமதிப்பாகக் காத்திருக்கிறான்.

பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க மாட்டாதவன். லிஃப்ட் வர நேரமானால் முப்பது மாடியையும் படியில் இறங்கிவிடுகிறவன். அவன் இருபது வருஷம் என் புருஷனின் ஒரு மூச்சுக்காகக் காத்திருந்திருக்கிறான், தனக்கே தெரியாமல். கூடைப்பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து நன்றாக அழுதேன். பந்து எடுக்க வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பயந்துபோய்ப் பந்து எடுக்காமலே ஓடிவிட்டார்கள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக வைத்திருந்தேன்.

அந்தக் கடைசி ஞாயிறு நாலு மணி. இவர் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"டேய், இழுக்கறது நீ."

"யாரு, நானா? அக்கா, நான் என் வாழ்க்கையில யாருக்காச்சும் காத்திருந்திருக்கேனா?"

"நீயே கேளு."

அவன் டிரம்மை அவனுக்கே போட்டுக் காட்டினேன். ஆறு இடத்திலும் "இது," "இது" என்று எண்ணிக் காட்டினேன். "இங்கதான் உங்க மாமா தோளத் தூக்குவாரு. நீ பாத்துட்டுத்தான் அடிப்ப. இருபது வருஷமா."

'ஹலோ, கேக்குதா' என்று கத்தும் நிலைக்கு நானே வந்துவிட்டேன்.

"ஆமா," என்றான் கடைசியில். "அந்த இடத்துல மாமாவுக்கு மூச்சு பத்தாதோன்னு தோணும். பழக்கம் ஆயிடுச்சு போல. மாமா, நான்தான் இழுத்தேனா? உங்களப் போயி சொன்னேனே..."

இவர் மைக் பக்கம் குனிந்தார். மூன்று விநாடி ஆனது. அன்று எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை.

"மாப்ள, இனிமே என் தோளப் பத்தி நினைக்காத. நீ அடிச்சுக்கிட்டே போ. நான் வந்துடுவேன்."

ஆரம்பித்தார்கள். நான் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். முதல் பகுதி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் முதல் ஏற்றம் வந்தது. டிரம் நிற்கவில்லை. இவர் ரோஸ் ஈற்றின்மேல் மோவாயை அழுத்தி, தோளைத் தூக்கி, மூச்சை இழுத்து, அடி விழுந்த அதே கணத்தில் உச்சியில் போய் நின்றார். இரண்டாவது ஏற்றத்திலும் நின்றார். நாலாவதில் நர்ஸால் சும்மா இருக்க முடியவில்லை, குழலோடு உள்ளே புகுந்துவிட்டார். ஐந்து. ஆறு. கடைசி அடியும் கடைசி இழுப்பும் ஒன்றாக விழுந்தன.

மூன்று நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. நான் விசில் ஊதிவிட்டேன். ஹெட்ஃபோன் போட்டிருந்த மூன்று பேரும் மூன்று ஊரில் அலறினார்கள்.

நர்ஸ் முதலில் தெளிந்தார். "சார், அந்த ஈறு எப்படி செய்யறதுன்னு எழுதித் தாங்க. உதவிக் குறிப்புல போடறேன், வயலின் வாசிக்கற யாருக்காவது ஆகும்," என்றார். (எழுதிக் கொடுத்தார். பதினோரு வரி எழுத ஒன்பது நாள் ஆனது. முதல் வரி: 'அவசரப்பட வேண்டாம், இறுகுவதற்கு நேரம் கொடுங்கள்.' இப்போதும் அது அங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.)

தம்பி டிரம்மின் தோலை விரலால் தடவிக்கொண்டிருக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாமா, அப்போ அடுத்த ஞாயித்துக்கிழ..."

"நாலு மணி!" என்றார் இவர்.

ஒருவர் பேசி முடிப்பதற்குள் அவர் பேசி நான் கேட்டது இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.